சபரை எப்போது முடிப்பது?



விடுமுறையில் ஊர் வரும் சகோதரர்கள் மஃரிபுத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து கேட்கும் கேள்விகள் சில ஆண்டுகளாக மாறியிருக்கின்றன. முன்பெல்லாம் ‘மகனை எந்த நாட்டுக்கு அனுப்பலாம்?’ என்று கேட்பார்கள். இப்போது கேட்பது வேறு: ‘ஹஜ்ரத், நாற்பத்தெட்டு வயதாகிறது. சபரை முடித்துக்கொண்டு ஊரோடு இருந்துவிடலாமா? கையில் இருப்பது போதுமா?’ சிலர் தரங்கம்பாடியிலேயே இருந்துவிட எண்ணுகிறார்கள். சிலர் மயிலாடுதுறை, காரைக்கால், கும்பகோணம் என்று அருகிலுள்ள நடுத்தர நகரம் ஒன்றைத் தேடுகிறார்கள். சென்னையிலோ கோவையிலோ இயலாத ஒரு வாழ்க்கை இங்கே இயலும் என்பது அவர்களுடைய எண்ணம். அந்த எண்ணம் தவறன்று.

என் பதில் இதுதான்: திரும்பலாம், இயன்றவர்கள் முன்கூட்டியே திரும்பவும் வேண்டும். ஆனால் அதற்காக நம்மில் பலர் போடும் கணக்கு, வட்டியில் வாழ எண்ணுகிறவர்களிடம் இரவல் வாங்கிய கணக்கு. அது நமக்குப் பொருந்தாது. நமக்குரிய கணக்கைப் போட்டுப் பார்த்தால், குறுக்கே நிற்பது ஊரின் விலைவாசி அன்று, நாம் கட்டும் வீடும் நடத்தும் திருமணமுமே என்பது தெரியவரும். மதரஸா ஆசிரியரின் சம்பளம் என்னவென்று அறிந்தவர்கள், இவர் லட்சங்களைப் பற்றி எழுதுகிறாரே என்று புன்னகைக்கலாம். ஒவ்வொரு ரமளானிலும் ஜகாத் கணக்குப் போட்டுத் தரச் சொல்லி வருவோரின் ஏடுகளைப் பல்லாண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அந்த ஒரு தகுதியில்தான் எழுதுகிறேன்.

நம் பகுதி முஸ்லிம்களுக்கு சபர் புதியதன்று. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றவர்களின் பேரப்பிள்ளைகளே இன்று துபாயிலும் ஜித்தாவிலும் குவைத்திலும் இருக்கிறார்கள். ஆனால் எப்போது திரும்புவது என்பதை நம் முன்னோர் தாமாகத் தீர்மானித்தது அரிது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது பலர் காட்டுவழியே நடந்து வந்தார்கள். 1960களில் அதே பர்மாவில் கடைகள் அரசுடைமையானபோது மிஞ்சியிருந்தவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். 1969இல் மலேசியா, குடியுரிமை இல்லாதோருக்குப் பணி அனுமதியைக் கட்டாயமாக்கியபோது இன்னொரு கூட்டம் வந்தது. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைப் பிடித்துக்கொள்ள, அம்மான் வழியாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் விமானங்களில் அழைத்து வரப்பட்டார்கள். அண்மைக் காலத்தையே பாருங்கள். சவூதி அரேபியா 2017 ஜூலையில், உடன் வாழும் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதித்தது. 2020க்குள் அது 400 ரியாலாக உயர்ந்தது. மனைவி மக்களோடு இருந்த எத்தனையோ குடும்பங்கள் பெட்டி கட்டின. குவைத்தில் பட்டப்படிப்பு இல்லாத, 60 வயது நிறைந்தவர்களின் பணி அனுமதி 2021இல் சிக்கலாயிற்று. கொரோனா காலத்தைச் சொல்லவே வேண்டியதில்லை.

நாமாக நாள் குறித்து, கணக்குப் பார்த்து, உடலில் வலிமை இருக்கும்போதே திரும்புவது என்பது ஆகவே நமக்குப் பெரும்பாலும் புதிய பழக்கம். அதற்கு ‘முன்கூட்டிய ஓய்வு’ என்று பெயரிடுகிறார்கள். அந்தப் பெயரில்தான் எனக்குச் சிறு தயக்கம் உண்டு. ஒரு வேலை முடிந்ததும் அடுத்த முயற்சியில் ஊன்றி நில் என்ற கருத்தோடு முடிகிறது அல்குர்ஆனின் 94ஆம் அத்தியாயம். மறுமை நாள் வந்துவிட்டாலும் கையிலுள்ள கன்றை முடிந்தால் நட்டுவிடச் சொன்னவர்கள் நபி (ஸல்) அவர்கள். நம் மார்க்கத்தில் உழைப்பை நிறுத்துவதற்கென்று ஒரு வயது வரையறுக்கப்படவில்லை. அதே நேரத்தில், ஆரோக்கியமும் ஓய்வு நேரமும் மனிதர்களில் பலர் நட்டப்பட்டுப்போகும் இரு அருட்கொடைகள் என்றும் அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். இருபது ஆண்டுகளாக வெள்ளிக்கிழமை மட்டும் காணொளியில் பிள்ளையின் முகம் பார்த்த ஒருவர், அவ்விரண்டும் எஞ்சியிருக்கும்போதே வீடு திரும்ப விரும்பினால் அதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வராது. என் வகுப்பில் ஒரு மாணவனிடம் ‘உன் அத்தா எங்கே இருக்கிறார்?’ என்று கேட்டேன். ‘போனில்’ என்றான். சிரிப்பதற்காகச் சொன்னதன்று, அவனுக்குத் தெரிந்த இடம் அதுதான்.

இனிக் கணக்குக்கு வருவோம்.

வளைகுடாவிலிருந்து திரும்புகிறவருக்கு ஓய்வூதியம் கிடையாது என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். காரைக்காலிலும் புதுச்சேரியிலும் ‘சொல்தா’ குடும்பங்கள் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி, நடுவயதிலேயே ஓய்வு பெற்று, அந்த நாட்டு ஓய்வூதியத்தை இந்த ஊர் விலைவாசியில் செலவழித்து வாழ்ந்தவர்கள் அவர்கள். அவர்களைப் பார்த்து நாமும் அப்படி வாழலாம் என்று எண்ணுவது பிழை. அவர்களுக்கு மாதந்தோறும் பணம் வந்துகொண்டிருந்தது. நமக்கு வருவது பணிக்கொடை மட்டும், அதுவும் ஒரே ஒரு முறை. ஐக்கிய அரபு அமீரகத்தில் முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள், அதன்பின் ஆண்டுக்கு 30 நாள் அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாகத் தரப்படுகிறது. அடிப்படைச் சம்பளம் 2,000 திர்ஹம் பெறுகிறவர் 20 ஆண்டு பணி செய்தால் மொத்தம் 555 நாள் சம்பளம், அதாவது 37,000 திர்ஹம். ஒரு திர்ஹத்துக்கு 23 ரூபாய் என்று கொண்டால் எட்டரை லட்சம். படிகளைச் சேர்த்து 4,000 திர்ஹம் வாங்குகிறவர்கள்கூடப் பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்துக்குத்தான் என்பதை இறுதி நாளில்தான் கவனிக்கிறார்கள். இருபதாண்டு உழைப்பின் அந்தத் தொகை, நம் தெருவின் புதிய வீடுகளில் முகப்புக்கும் சுற்றுச்சுவருக்குமே சரியாக இருக்கும்.

சரி, சேமிப்பு இருக்கிறது. எவ்வளவு இருந்தால் போதும்? உலகெங்கும் சொல்லப்படும் ஒரு விதி உண்டு. ஆண்டுச் செலவைப்போல் 25 மடங்கு சேர்த்துவிட்டால், ஆண்டுக்கு 4 விழுக்காடு எடுத்து, முப்பதாண்டு வாழலாம் என்பது. 1994இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் செய்த ஆய்விலிருந்து வந்தது இது. சொந்த வீட்டில் வாழும் நால்வர் குடும்பத்துக்குத் தரங்கம்பாடியில் மாதம் 30,000 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 3,60,000; இருபத்தைந்து மடங்கு 90 லட்சம். ‘தொண்ணூறு சேர்ந்ததும் வந்துவிடுவேன்’ என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு.

அந்த விதி அமெரிக்கப் பங்குகளையும் அரசுக் கடன் பத்திரங்களையும் சேர்த்து வைத்திருப்பவரைக் கருதிச் சொல்லப்பட்டது. பத்திரம் என்றாலே வட்டி. அந்தப் பாதி நமக்கு இல்லை. வட்டி வேண்டாம் என்று பேணுகிற நம் சகோதரர்கள் பலர் செய்வது என்ன? பணத்தை நடப்புக் கணக்கில் போட்டுவிடுகிறார்கள், அல்லது வீட்டில் வைக்கிறார்கள். அங்கேதான் ஜகாத் வருகிறது. 90 லட்சம் ரொக்கத்துக்கு ஆண்டு ஜகாத் இரண்டேகால் லட்சம். அது கடமை, அதைக் குறைப்பதற்கு வழி தேடச் சொல்லவில்லை. ஆனால் பெங்கனின் விதியில் அந்த இரண்டரை விழுக்காட்டுக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு உயர்வதாகக் கொண்டு, வளராமல் கிடக்கும் 90 லட்சத்திலிருந்து வீட்டுச் செலவையும் ஜகாத்தையும் கழித்துக்கொண்டே வந்து பார்த்தேன். பதினான்காம் ஆண்டில் கையில் எதுவும் இல்லை. நாற்பத்தெட்டில் வந்தவருக்கு அப்போது வயது 61. ஊரில் கடன் கேட்கத் தொடங்கும் வயதா அது?

அநாதைகளின் செல்வத்தைப் பொறுப்பேற்றவர்கள் அதைக்கொண்டு வியாபாரம் செய்ய வேண்டும், இல்லையேல் ஜகாத்தே அதைத் தின்றுவிடும் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் அறிவுறுத்தியதாக இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் காண்கிறோம். ஜகாத்தின் ஹிக்மத்துகளில் இதுவும் ஒன்று என்று நான் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. முடங்கிக் கிடக்கும் பணம் கரைய வேண்டும், உழைக்கும் பணம் நிலைக்க வேண்டும். திரும்பி வருகிறவரின் சேமிப்பும் ஒரு வகையில் அநாதைச் சொத்துதான். அதை ஈட்டியவரின் தோள் இனி அதைத் தாங்கப் போவதில்லை.

பணத்தை உழைக்க வைக்க வேண்டும் என்றதும் நம் ஊர்களில் மூன்று வழிகள் சொல்லப்படும். மூன்றையும் பற்றி எனக்குக் கருத்துண்டு.

முதலாவது போக்கியம். ஒத்தி என்றும் லீஸ் என்றும் சொல்கிறோம். ஐந்து லட்சம் கொடுத்துவிட்டு மூன்றாண்டு வாடகையின்றிக் குடியிருப்பது. முடிவில் அந்த ஐந்து லட்சத்தை அப்படியே திரும்பப் பெறுவது. நிலத்திலும் இதுவே நடக்கிறது: பணம் கொடுத்தவர் விளைச்சலை அனுபவிக்கிறார், முதல் குறைவதில்லை. வங்கி வட்டியைத் தொடமாட்டேன் என்று பேணுகிற ஒருவர், திருப்பி வாங்கப்போகும் கடனுக்குப் பதிலாக ஒரு வீட்டையே அனுபவிக்கிறார். கடனுக்கு ஈடாகப் பெறும் ஆதாயம் வட்டியின் வகையைச் சேர்ந்தது என்பது ஃபுகஹாக்களின் பொது விதி. இதைச் சொன்னால், ‘ஹஜ்ரத், ஊரே செய்கிறதே’ என்பார்கள். ஊர் செய்வது ஆதாரம் ஆகாது. நியாயமான வாடகையைப் பேசி, முன்பணத்தை முன்பணமாக மட்டும் வைத்துக்கொள்ள வழி இருக்கிறது.

இரண்டாவது, ‘லட்சத்துக்கு மாதம் இவ்வளவு’ என்று தருகிற ‘ஹலால் முதலீடு’. பெங்களூரில் ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம் 2019 ஜூனில் மூழ்கியதை மறந்துவிட்டோமா? ஹலால் இலாபம் என்று நம்பிப் பணம் போட்டவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். மகளின் திருமணத்துக்கு வைத்திருந்ததையும் வளைகுடாச் சேமிப்பையும் இழந்தவர்கள் பல்லாயிரவர் காவல் துறையில் புகார் கொடுத்து வரிசையில் நின்றார்கள். வியாபாரத்தில் இலாபம் ஏறும், இறங்கும், நட்டமும் வரும். முதலுக்கு உத்தரவாதமும் மாதத்துக்கு நிலையான தொகையும் தருகிறேன் என்பவர் முழாரபா செய்யவில்லை. வட்டி கொடுக்கிறார், அல்லது ஏமாற்றுகிறார். தாடியும் தொப்பியும் மேடையில் வீற்றிருக்கும் ஆலிமும் அதை மாற்றிவிட முடியாது. இதைச் சொல்லும் கடமை எங்களைப் போன்ற ஆலிம்களுக்கே முதலில் இருக்கிறது என்று கருதுகிறேன்.

மூன்றாவது மனைக்கட்டு. விழுப்புரம்–நாகை நெடுஞ்சாலையை நான்கு வழியாக்கும் பணி தொடங்கியதிலிருந்து எங்கள் பக்கத்தில் வயல்கள் வெள்ளைக் கற்கள் நட்ட மனைகளாகிக்கொண்டிருக்கின்றன. விலை ஏறினால் விற்கலாம் என்று நான்கு மனை வாங்கிப் போட்டிருப்பவர், அவை வியாபாரச் சரக்கு என்பதால் பெரும்பாலான அறிஞர்களின் கருத்துப்படி ஆண்டுதோறும் சந்தை மதிப்புக்கு ஜகாத் கொடுக்க வேண்டும். 50 லட்சம் மதிப்பு என்றால் ஒன்றேகால் லட்சம். மனையோ ஒரு ரூபாய்கூட வருமானம் தராது. இதனாலேயே சிலர் ‘மகனுக்காக வாங்கியது’ என்று ரமளானில் மட்டும் நிய்யத்தை மாற்றிக்கொள்வதைப் பார்க்கிறேன். அல்லாஹ் நிய்யத்தை அறிபவன். நன்செய் வாங்குவதென்றால் அது வேறு கதை. இது கடைமடைப் பகுதி. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்தாலும் தண்ணீர் இங்கே வந்து சேர்வது உறுதியில்லை. குத்தகைதாரரின் உரிமையை 1955ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது என்பதையும் அறிந்துதான் வாங்க வேண்டும். நாற்றங்கால் எது, நடவு எப்போது என்று அறியாதவர் நிலம் வாங்கினால், அதை அறிந்தவருடைய தயவில் வாழ நேரும்.

எஞ்சுவது வாடகையும் பங்கும். வாடகை சந்தேகமில்லாத ஹலால். கட்டடத்தின் மதிப்புக்கு ஜகாத் இல்லை, கையில் தங்கி ஆண்டு நிறைந்த வாடகைப் பணத்துக்கு மட்டுமே. ஆனால் 40 லட்சத்தில் கட்டிய வீட்டுக்கு மாதம் 8,000 வாடகை வந்தால் ஆண்டுக்கு 2.4 விழுக்காடுதான். கடைவீதியில் ஒரு கடை அதைவிட மேல். வட்டியையும் மதுவையும் தொழிலாகக் கொண்ட நிறுவனங்களை விலக்கி முதலீடு செய்யும் டாடா எத்திகல், டாரஸ் எத்திகல் போன்ற பரஸ்பர நிதிகள் நம் நாட்டில் உள்ளன. அவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்க மாட்டேன். 2020 ஜனவரியில் 42,000ஐத் தொட்ட மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடு மார்ச் 23 அன்று 26,000க்குக் கீழே இறங்கியது. மளிகைக்காக அந்த வாரத்தில் விற்க நேர்ந்தவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். இரண்டு மூன்று ஆண்டுச் செலவைத் தனியே ரொக்கமாக வைத்துக்கொண்ட பிறகே மற்றதைப் பங்கில் போட வேண்டும். வங்கிக் கணக்கைப் பற்றியும் ஒரு சொல்: ஊரோடு தங்கிவிட்டவர் என்.ஆர்.இ. கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். பலர் ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டுவைக்கிறார்கள்.

இப்படிப் பார்த்தால் ஹலாலான வருமானம் எதுவும் நிலையானதன்று, பெரியதும் அன்று. அப்படியானால் முன்கூட்டித் திரும்ப முடியாதா? முடியும், வேறொரு பக்கத்திலிருந்து கணக்குப் போட்டால். திரும்பி வந்தவர் இங்கே ஒரு சிறு வேலை செய்து மாதம் 12,000 ரூபாய் ஈட்டுகிறார் என்று கொள்ளுங்கள். சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டியது 18,000 மட்டும், ஆண்டுக்கு 2,16,000. முன்பு 25 மடங்காக இருந்த அதே 90 லட்சம் இப்போது 41 மடங்குக்கும் மேல். 50 லட்சமே வைத்திருப்பவர் 15,000 ஈட்டினால் அவருக்கும் அது 27 மடங்குக்கு மேல் வரும். இன்னும் ஐந்தாண்டு சபரில் இருந்து சேர்ப்பதைவிட இங்கே அரைநாள் உழைப்பு அதிகம் சாதிக்கிறது. வளைகுடாவில் ஏ.சி. பழுது பார்த்தவர்கள், மின்பணி செய்தவர்கள், கிடங்குக் கணக்குப் பார்த்தவர்கள் நம்மிடம் எத்தனை பேர்! இந்த உப்புக் காற்றில் ஏ.சி. பெட்டிகள் துருப்பிடிக்கும் வேகத்தைப் பார்த்தால் தரங்கம்பாடி முதல் காரைக்கால் வரை அவர்களுக்கு வேலைக்குப் பஞ்சமிராது. அங்கே செய்த அதே வேலையை இங்கே செய்வது கௌரவக் குறைவு என்ற எண்ணம்தான் தடை. தாவூத் (அலை) அவர்கள் தம் கையால் உழைத்து உண்டதை நபி (ஸல்) அவர்கள் சிறப்பித்துச் சொன்னதை ஜும்ஆவில் கேட்கிறோம். சபராளி ஊரில் கருவிப் பையைத் தூக்கினால் மட்டும் ஏன் வியக்கிறோம்?

ஊரின் மலிவைப் பற்றிச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மீன், காய்கறி, வாடகை, ஆள்கூலி ஆகியவை இங்கே சென்னையைவிடக் குறைவு. பெட்ரோலும் தங்கமும் மருந்தும் எங்கும் ஏறக்குறைய ஒரே விலை. பிள்ளையை மருத்துவ நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்கு அனுப்பினால் ஊரின் மலிவு ஒரே ஆண்டில் கரைந்துவிடும். மருத்துவம்தான் என்னைப் பெரிதும் கவலைப்படுத்துவது. முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். வருமானம் பாராமல் மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய திட்டமோ 70 வயது நிறைந்தவர்களுக்கு. நாற்பத்தெட்டில் திரும்புகிறவர் இரண்டுக்கும் நடுவே இருபத்திரண்டு ஆண்டு நிற்கிறார். வணிகக் காப்பீட்டைப் பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நீங்கள் நம்பும் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். எப்படி முடிவு செய்தாலும், மருத்துவத்துக்கென்று தொடாத ஒரு தொகை தனியே இருக்க வேண்டும்.

ஊரைத் தேர்வதிலும் இதுவே முதல் அளவுகோல். தரங்கம்பாடியில் கடற்காற்று உண்டு, டேனிஷ் கோட்டை உண்டு, பாங்கொலி கேட்கும் தெரு உண்டு. நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் பதினைந்து கிலோமீட்டர் தெற்கே காரைக்காலுக்கோ, அதைப்போல் இருமடங்கு தொலைவில் மயிலாடுதுறைக்கோ ஓட வேண்டும். காரைக்காலில் அரசு பொது மருத்துவமனையும் ஜிப்மரின் கிளைக் கல்லூரியும் இருக்கின்றன. மயிலாடுதுறையில் இரயில் சந்திப்பும் கல்லூரிகளும் மாவட்டத் தலைமையிடமும் உள்ளன. வயதான தாயை உடன் வைத்திருப்பவருக்கு நான் காரைக்காலைச் சொல்வேன். கல்லூரிப் பருவத்துப் பிள்ளைகள் இருந்தால் மயிலாடுதுறை. கடற்கரையை ஒட்டி வீடு கட்ட எண்ணுபவர்கள், 2004 டிசம்பர் 26 அன்று இந்தக் கரையில் நடந்ததைப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டுக் கட்டட்டும்.

வீட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அறுபது லட்சத்தில் மூன்று மாடி எழுப்பி, கிரானைட் பதித்து, கீழ்த்தளத்தில் தாயும் தந்தையும் மட்டும் இருக்கும் வீடுகளை நீங்கள் எல்லாத் தெருவிலும் காணலாம். மாதம் 30,000 செலவுள்ள குடும்பத்துக்கு அறுபது லட்சம் என்பது பதினாறு ஆண்டுச் செலவுக்கும் மேல். இருபத்தைந்து லட்சத்தில் போதுமான வீடு கட்டியிருந்தால், மீதிப் பணம் அவரை எத்தனை ஆண்டு முன்னதாக ஊருக்குக் கொண்டுவந்திருக்கும்! அவர் வாழாத வீட்டுக்காக அவர் வாழ வேண்டிய ஆண்டுகளைக் கொடுத்துவிட்டார். திருமணமும் அப்படியே. மஹர் கொடுக்க வேண்டியவன் மணமகன் என்ற மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், பெண்ணைப் பெற்றவரின் சபரை இன்னும் ஏழெட்டு ஆண்டு நீட்டும் அளவுக்கு நகையும் சீரும் விருந்தும் கேட்கிறோம். கைக்கூலி வாங்கும் திருமணங்களுக்குப் பதிவேடு தர மறுக்கும் ஜமாஅத்துகள் இருக்கின்றன. எல்லா ஜமாஅத்தும் அப்படி நின்றால், திரும்பி வரும் தந்தையரின் எண்ணிக்கை தானாகவே கூடும்.

இன்னொன்று, சொல்லத் தயங்கும் விஷயம். நம் சபராளிகள் பலர் அனுப்பும் பணத்தில் நிலமும் வீடும் அத்தாவின் பெயரில் வாங்கப்படுகின்றன, அல்லது அத்தாவின் மனையில் கட்டப்படுகின்றன. அத்தா மவுத்தானதும் அது அவருடைய சொத்தாகவே கருதப்பட்டு வாரிசுகள் அனைவருக்கும் பங்காகும். ‘நான் அனுப்பிய பணம்’ என்று பின்னர் சொன்னால், சகோதரியின் பங்கை மறுக்கும் அநியாயமாகவும் அது முடியலாம், உழைத்தவரின் உரிமை பறிபோகும் அநியாயமாகவும் முடியலாம். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. அனுப்பிய பணம் அன்பளிப்பா, கடனா, தம் பெயரில் வாங்கச் சொன்னதா என்பதைப் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே மரியாதையாக எழுதிக்கொள்ளுங்கள். திரும்பி வந்த முதல் ஆண்டிலேயே சகோதரர்கள் பேசாமல் போகும் குடும்பங்களில் பெரும்பாலும் காரணம் இதுவே.

வீட்டுக்குள் இன்னொரு கணக்கும் உண்டு. இருபதாண்டுகளாக வங்கிக்குப் போனதும், பள்ளிக்கூடத்தில் கையெழுத்திட்டதும், மாமியாரை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றதும், கொத்தனாரிடம் கணக்குக் கேட்டதும் மனைவிதான். திரும்பி வந்த கணவர் மறுநாளே சமையலறை டப்பாக்களைத் திறந்து பார்த்து, ‘ஏன் இவ்வளவு எண்ணெய்?’ என்று விசாரணை தொடங்கினால் அந்த வீட்டில் நிம்மதி இராது. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் உதவியாக இருந்தார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். விசாரணை செய்தார்கள் என்று சொல்லவில்லை. சேமிப்பு எவ்வளவு, எங்கே இருக்கிறது, யாருக்குக் கடன் கொடுத்திருக்கிறோம் என்பதை மனைவி அறியாத வீடுகள் இன்னும் உள்ளன. திடீரென ஒரு மவுத் நேர்ந்தால் இத்தா காலத்தில் அந்தப் பெண் யார் யாரிடம் போய்க் கேட்பாள்?

ஆகவே, இந்த ஆண்டு திரும்பலாமா என்று எண்ணிக்கொண்டிருக்கும் சகோதரர்களுக்கு ஒரு யோசனை. வேலையை விடுவதற்கு முன், சேர்த்து வைத்த விடுப்பில் மூன்று மாதம் ஊரில் வந்து இருங்கள். ரமளானிலும் பெருநாளிலும் வேண்டாம். கோடை விடுமுறையிலும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் வாருங்கள். வாய்க்கால் நிரம்பி, மின்சாரம் போய், துணி உலராமல், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு, கடலுக்குப் படகு போகாமல் மீன் விலை ஏறி நிற்கும் அடைமழைக் காலத் தரங்கம்பாடியைப் பெரும்பாலான சபராளிகள் மறந்தே போயிருப்பார்கள். மாதம் இவ்வளவு என்று நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் தொகையை முதல் தேதியில் மனைவியின் கையில் கொடுத்துவிடுங்கள். அதற்கு மேல் ஒரு ரூபாயும் எடுக்காதீர்கள். கணக்கை அவரே எழுதட்டும். மூன்றாம் மாத இறுதியில் அந்த ஏட்டை இருவரும் சேர்ந்து படித்துவிட்டு, எந்தத் தொகை போதும், எந்த ஆண்டில் திரும்பலாம் என்பதை அவரையே முதலில் சொல்லச் சொல்லுங்கள்.